பிச்சிப்பூ விசாரணை

எங்கள் வீட்டில் பூ வைத்துக்கொண்டால் விசாரணை உண்டு. மற்ற வீடுகளில் மதிப்பெண் குறைந்தால் விசாரிப்பார்கள், வீட்டுக்கு வரத் தாமதமானால் விசாரிப்பார்கள். என் அம்மாவும் அப்பாவும் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். வேதியியலில் நான் கோட்டைவிட்டு வந்த அன்று அப்பா பரோட்டா வாங்கிக் கொடுத்து, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு முழம் பிச்சி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுப் படி ஏறினால் போதும், அம்மா கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள்.

“ஏட்டி, இன்னைக்கு என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்ல. சும்மா வச்சேன்.”

“சும்மா யாராவது பூ வைப்பாவளா?”

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? சும்மாதான் வைத்தேன். வாசனை பிடித்தது, வைத்தேன். பின்னால் நடக்கிறவர்களுக்குத்தான் அந்த வாசனை என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். தலையைத் திருப்பும்போதெல்லாம் முதலில் வருவது வைத்தவளுக்குத்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நல்லா பேசக் கத்துக் குடுத்திருக்காவ” என்றாள். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அதன் பிறகு எங்கள் வீட்டின் முக்கிய வேலை ஆயிற்று.

அப்போது நான் பிளஸ் ஒன். ஆரியசாலையில் வற்றல்மிளகாய் மொத்தக் கடை ஒன்றுக்கு மேலே எங்கள் வீடு. மூட்டை இறக்கும் நாளில் வீட்டில் எல்லோரும் தும்முவோம். அம்மா அரசாங்கப் பொறியாளர். நகரத்தில் எந்த ரோட்டில் குழாய் உடைந்தாலும் ஷூ போட்டுக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருப்பாள். கையில் கடிகாரம் மட்டும். அப்பா ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமானதும் இந்த மலையாள நகரத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பாவின் தமிழில் பாதிக்குமேல் மலையாளம் ஏறிவிட்டது, அம்மாவின் தமிழ் அப்படியே இருக்கிறது.

“நாங்க பொண்ணைப் பொண்ணா வளர்க்கல்ல, மனுஷியா வளர்க்கோம், கேட்டியா?” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். எனக்குப் பொம்மை வாங்கித் தரவில்லை, பூதக்கண்ணாடி வாங்கித் தந்தார்கள். கராத்தே வகுப்பில் சேர்த்தார்கள். சைக்கிளும் நீச்சலும் செஸ்ஸும் கற்றுக்கொண்டேன். இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. அதோடு கண்ணாடி வளையலும் கண் மையும் தாவணியும் பிச்சியும் பிடித்திருந்தது. அங்கேதான் வந்தது வம்பு. கராத்தேவில் எதிரே நிற்பவளைக் கீழே தள்ளிவிட்டு வருகிறவள், வந்ததும் கை நிறைய வளையல் போட்டுக்கொள்வது எப்படி? இரண்டில் ஒன்று பொய் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். எது பொய் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னால் அதை அவர்கள் நம்ப வேண்டும். அனுமதி கேட்கவில்லை, பாராட்டும் கேட்கவில்லை. நம்பினால் போதும் என்றிருந்தேன்.

அந்த வருடம் என் பிறந்தநாளுக்கு அப்பா ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கித் தந்தார். பூவுக்கு மாற்று மருந்து என்று நினைத்திருப்பார். எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே சுவரில் ஓட்டை போட்டு, பிளக் அடித்து, ஒரு மரக்கம்பைக் குறுக்கே மாட்டி, என் வளையல்களையெல்லாம் நிறம் வாரியாகக் கோத்துத் தொங்கவிட்டேன். அப்பா வந்து பார்த்தார். கம்பை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். “லெவல் சரியாத்தான் இருக்கு” என்றார். துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்த முகத்தோடு அறையைவிட்டுப் போனார்.

அம்மாவின் சந்தேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை எனக்கு அவள் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது. அவளுக்குப் பதினெட்டு வயதில் அவளுடைய அத்தை ஒரு கூடை நிறையப் பூவும் வளையலும் கொண்டுவந்தாளாம். உட்காரவைத்துப் பின்னிவிட்டாளாம். அம்மாவும் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாளாம்.

“எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. கண்ணாடியில பாத்துப் பாத்து மாளல. அடுத்த வாரம் அவுக வீட்டுல நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. அத்தை மவனுக்கு. பூ வச்ச அன்னைக்கே எல்லாம் பேசி முடிச்சிருக்காவ, எனக்கு மட்டும்தான் தெரியல” என்றாள் அம்மா.

அழுது, சாப்பிடாமல் கிடந்து, பள்ளிக்கூடத்து டீச்சரை வீட்டுக்கு வரவழைத்துப் பேசவைத்து, எப்படியோ அம்மா பொறியியல் கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு அவள் தலையில் பூ ஏறவில்லை. அப்பாவோடு பதிவுத் திருமணம் நடந்த அன்றும்கூட இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவள் கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு, “அதான் கேக்கேன். ஒனக்கு யாரு வச்சுவிடுதா?” என்றாள்.

எனக்கு நானேதான் வைத்துக்கொண்டேன். கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்து, ஹேர்ப்பின்னை வாயில் கடித்துக்கொண்டு. இதைச் சொன்னபோது அம்மா தலையாட்டினாள். நம்பவில்லை.

அப்பாவின் வழி வேறு. அவர் நேரடியாகக் கேட்க மாட்டார். சாப்பிடும்போது பொதுவாகப் பேசுவதுபோல ஆரம்பிப்பார். விளம்பரக்காரர்கள் எப்படி மனுஷனுக்கு ஆசையை உண்டாக்குகிறார்கள், சமுதாயம் பெண்ணை எப்படிப் பழக்கிவைக்கிறது, நம்முடைய ஆசை என்று நாம் நினைப்பது உண்மையில் யாருடைய ஆசை. சுற்றிச் சுற்றி என் வளையலுக்கு வருவார். “இது உனக்கே தோணினதா மோளே? நல்லா ஆலோசிச்சுப் பாரு. உனக்கே தோணினதுதானா?” என்பார். செஸ் விளையாட எனக்கே தோன்றியதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்து வயதில் என்னைத் தூக்கிப் பலகை முன்னால் உட்காரவைத்ததே அவர்தான்.

பேச்சில் வேலைக்கு ஆகவில்லை என்றதும் துப்பறிய ஆரம்பித்தார்கள். முதலில் அம்மா போனது பூக்காரியிடம். எனக்கு இதைச் சொன்னதே அந்தப் பூக்காரிதான், மறுநாள், சிரிப்பை அடக்கமாட்டாமல்.

“ஒங்கம்மை வந்துச்சு கேட்டியா, சிஐடி வேலை பாக்க. கூட யாராவது வருவாங்களான்னு கேட்டாவ. ஒத்தைக்குத்தான் வருவா, நான் முழம் போடும்போ எங்கையையே பாத்துட்டு நிப்பா, கொறைஞ்சா சண்டை பிடிப்பான்னு சொன்னேன். அவுகளுக்கு அது பிடிக்கல.”

பிடிக்காதுதான். வீட்டில் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. “பூக்காரிக்கு என்னவோ தெரியும். மறைக்கா.”

அடுத்தது அப்பா. நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்பு முடிந்து நான் சாலைக் கடைத்தெருவில் இருக்கும் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போவேன். வாங்குகிறேனோ இல்லையோ, புது வளையல் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை, கடைக்குள் இருந்த பெரிய கண்ணாடியில் எதிர்க் கடை வாசல் தெரிந்தது. பித்தளைப் பாத்திரக் கடை. அதன் முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு ஆள் நின்றுகொண்டு குத்துவிளக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா. ஹெல்மெட்டின் பின்பக்கம் நான் சின்ன வயதில் ஒட்டிய பூச்சி ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. கடைக்காரர் விடவில்லை. விலை சொன்னார், திரியிட்டுக் காட்டினார், காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். சாமி கும்பிடாத மனுஷன் அன்றைக்கு ஒரு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அது இன்னும் எங்கள் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அதற்கு யாரும் எண்ணெய் ஊற்றியதில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. என் அப்பா என் பின்னால் வந்திருக்கிறார். கேட்டிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன்.

ஒன்றும் அகப்படாததில் அவர்கள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை என்பதே பெரிய ஆதாரம் ஆகிவிட்டது. “இவ்வளவு சாமர்த்தியமா மறைக்கான்னா, பெரிய விஷயம்தான்” என்றாள் அம்மா. எந்தப் பையனோடும் நான் பேசவில்லை, என் ஃபோனில் எந்தப் பையன் படமும் இல்லை, வகுப்புக்கு ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. எல்லாமே எனக்கு எதிராகப் போயிற்று.

இந்த நச்சரிப்பு தாங்காமல் நான் ஒளிக்க ஆரம்பித்தேன். பள்ளியில் பூ கூடாது. காலையில் வாங்கிய பூவைப் பையில் வைத்திருந்து, மதியம் டிபன் டப்பா காலியானதும் அதற்குள் மாற்றுவேன். மாலை வகுப்புக்குப் போகும்போது எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுத் தெரு திரும்புகிற இடத்தில் கழற்றி மறுபடி டப்பாவில் போடுவேன். வளையலை ஜியோமெட்ரி பாக்ஸில் வைப்பேன். ஒருநாள் டப்பாவைக் கழுவ எடுத்த அம்மா, சாம்பார் சாதம் கொண்டுபோன டப்பாவில் பிச்சி வாசம் வருவதைக் கண்டுபிடித்துவிட்டாள். மூடியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் முகத்தில் கோபத்தைவிடத் திருப்திதான் அதிகம் தெரிந்தது. கடைசியில் ஒளிக்கிற விஷயம் ஒன்று கிடைத்துவிட்டது அல்லவா!

“ஒளிச்சு வைக்கியே, அப்ப தப்புன்னு ஒனக்கே தெரியுது.”

“நீங்க கேள்வி கேட்டு உயிரை எடுக்கீங்கன்னு ஒளிச்சேன்.”

“தப்பில்லைன்னா கேள்விக்கு என்ன பயம்?”

அன்றைக்கே என் ஃபோனை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். அதில் கிடைத்தது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பாளையங்கோட்டையில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டியில் வளையல் கூடாது, பூ கூடாது, கொண்டையை வலைக்குள் அடக்க வேண்டும். டூட்டி இல்லாத நாளில் அத்தையைப் பார்க்க வேண்டும்! இரண்டு கையும் வளையல், தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரு டஜன் வளையல் கொண்டுவருவாள். நான் பத்தாவது முடித்தபோது ஒரு தாவணி எடுத்துத் தந்தாள், பச்சையில் மாம்பழக் கரை. நான் அலங்காரம் செய்துகொண்டால் படம் எடுத்து அத்தைக்கு அனுப்புவேன். வார்டிலிருந்து எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது பதில் வரும். “அழகா இருக்கட்டி.” “கண்ணு பட்டுரும்.” “அந்த நீல வளையலோட போடு.” அவ்வளவுதான். ஏன் வைத்தாய், யாருக்கு வைத்தாய் என்று அத்தை ஒருதடவையும் கேட்டதில்லை. அதனால்தான் அனுப்பினேன்.

அம்மா அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அத்தைக்கு ஒரு மகன் உண்டு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், சென்னையில் வேலை பார்த்தார். எனக்கு முறை. தீபாவளிக்கு வந்தால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவர் என்னோடு மொத்தமாகப் பேசியது, வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று மட்டும்தான். ஆனால் அம்மாவின் கணக்கு வேறு மாதிரி போயிற்று. அத்தை, வளையல், பூ, தாவணி, அத்தை மகன். அவளுக்கு நடந்தது அப்படியே அச்சுப் பிசகாமல் மறுபடி நடக்கிறது. இந்தத் தடவை பெண்ணின் படமும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் உடனே அத்தைக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில். அப்பா ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றார். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

“மைனி, நேராக் கேக்கேன். எம்பொண்ண ஒங்க மவனுக்குத் தயார் பண்ணுதீங்களா?”

அந்தப் பக்கம் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம், ஏதோ வண்டி உருளும் சத்தம். அத்தை டூட்டியில் இருந்தாள்.

“என்னது?”

“பூவும் வளையலுமாக் குடுத்து புத்தியக் கெடுக்கீங்க. அவ படிக்கணும். ஒங்க வீட்டு அடுப்படிக்கு அவள வளக்கல.”

அத்தை நிதானமாகப் பேசினாள். குரல் உயரவில்லை. “புள்ள அழகா இருந்தா. அழகா இருக்கன்னு சொன்னேன். அது தப்பாக்கும்?” என்று கேட்டாள். பிறகு, “தம்பி பக்கத்துல இருக்கானா?” என்றாள்.

அப்பா இருந்தார். பேசவில்லை. ஃபிரிட்ஜின் கதவு ரப்பரை நகத்தால் நோண்டிக்கொண்டு நின்றார். தன் அக்காவைத் தெரியாதா அவருக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தை ஃபோனை வைத்துவிட்டாள். அம்மாவின் சந்தேகத்தை நான் ஒருவழியாகப் புரிந்துகொண்டேன். அப்பா அன்றைக்கு வாய் திறக்காததை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. ஃபோன் போயிற்று, பட்டன் ஃபோன் வந்தது. வகுப்புக்கு அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவிட்டுக் கூட்டிவந்தார். சாலைக் கடைத்தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு. வளையல் கம்பு காலியாயிற்று. மனுஷியாக வளர்க்கிறோம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வீட்டில் வயதுப் பெண்ணை எப்படிக் காவல் காப்பார்களோ அப்படிக் காத்தார்கள். பூ வைக்கச் சொல்லிப் பெண்ணைப் பூட்டுகிற வீடுகளைப் பற்றி அப்பா மணிக்கணக்காகப் பேசுவார். பூ வைத்ததற்காகப் பூட்டினால் அதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். “இது உன் நன்மைக்கு அல்லே?” என்றார். அந்த வீடுகளிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அத்தை அதன் பிறகு வரவில்லை. தீபாவளிக்கு அப்பாவுக்கு மட்டும் ஒரு ஃபோன் வரும். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வச்சிரட்டா. என்னைப் பற்றிக் கேட்டால் வம்பு என்று நினைத்தாளோ என்னவோ, கேட்க மாட்டாள்.

நான் சிவில் எஞ்சினியரிங் படித்தேன். எனக்குப் பிடித்துத்தான் படித்தேன், நன்றாகவே படித்தேன். இப்போது நகரத்தின் ஓரத்தில் இருக்கும் கழக்கூட்டத்தில் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபட வேலை. என் சம்பளம், என் ஃபோன், என் தலை. பூ வைத்துக்கொண்டு போனால் அலுவலகத்திலும், “இந்நு எந்தா விசேஷம்?” என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்க்காரி என்பதால் பாண்டிக் கல்யாணமா என்று கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று. காலையில் கண்ணாடி முன் நின்று பூவைக் கையில் எடுக்கும்போது, இது உனக்கே தோன்றியதா என்று ஒரு குரல் கேட்கிறது. இன்றைக்கு அலுவலகத்தில் யார் வருகிறார்கள்? போன வாரம் வைக்கவில்லையே, இன்றைக்கு ஏன்? நானே என்னைத் துருவுகிறேன். சில நாள் பூவை ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறேன். பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சந்தேகமில்லாமல் சொல்லும் பழக்கத்தை அந்த வீட்டில் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காக எனக்கு வருத்தம் உண்டு, நிறையவே உண்டு.

சென்ற வருடம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகனுக்குக் கல்யாணம். பெண் அவரோடு வேலை செய்கிறவள், இருவரும் விரும்பி நிச்சயித்தது. ஃபோனில் சொன்னால் போதாது என்று நேரில் அழைக்க வந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். இரண்டு கையிலும் வளையல், தலையில் பூ. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா பத்திரிகையைப் பிரித்துப் பெண்ணின் பெயரைப் படித்தாள். என் பெயர் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அத்தை பையிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். எனக்குத் தெரியும் அதில் என்ன என்று, வாசனை அதற்குள் அறையெல்லாம் வந்துவிட்டது. முன்பெல்லாம் வந்ததும் என்னைத் திருப்பி நிற்கவைத்து அவளே வைத்துவிடுவாள். அன்றைக்கு என் பக்கம் வந்தவள் பாதியில் நின்றாள். பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

“உங்கம்மைட்ட கேட்டுட்டு வச்சுக்கட்டி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தைந்து வயதுப் பெண் பூவுக்காக அழுகிறேன் என்று அம்மா வேறு எதையாவது நினைத்துக்கொள்ளப் போகிறாளே என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அம்மாவின் குரல் கேட்டது. “வச்சுக்கட்டும். நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?” என்றாள். அப்பா தன் அக்காவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உரித்துக்கொண்டே இருந்தார். அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்ததை எடுத்தார்.

கல்யாணத்துக்கு மூவரும் திருநெல்வேலி போனோம். மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிட நான்தான் வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தாள். காலையில் மணப்பெண் அறையில் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக வைத்து, பின் குத்தி, பின்னலில் பூச்சரத்தைச் சுற்றிவிட்டேன். அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இன்னொரு தடவை திரும்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தாள். அம்மா வாசல் நிலையில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை மணப்பெண்மேல் இல்லை, என்மேல் இருந்தது. என் முகம் வாடுகிறதா என்று பார்த்தாள். தாலி கட்டும்போதும் மேடையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன், இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். அதையும் பார்த்தாள்.

மதிய ரயிலில் திரும்பினோம். மணப்பெண்ணுக்கு வைத்தது போக மிஞ்சிய சரத்தை அத்தை என் தலையில் வைத்துவிட்டிருந்தாள், இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. அம்மா ஜன்னலோரம், நான் பக்கத்தில், அப்பா எதிரே. நாகர்கோவில் தாண்டி வண்டி வேகம் எடுத்தபோது அம்மா என் பின்னலை எடுத்து முன்னால் போட்டாள். பூவில் கசங்கியிருந்த ஒரு மொட்டைக் கிள்ளி எடுத்தாள். என் நினைவு தெரிந்து அவள் என் பூவைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“மைனியப் போயி அப்பிடிக் கேட்டிருக்கப்பிடாது” என்றாள். “அவுகளுக்கு அந்த நெனப்பே இருந்திருக்காது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நீ சொன்னது சரி.”

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது. அப்பா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்காகப் போட்டிருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவ்வளவு பிரியமாக, அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

“இனி சொன்னா ஒண்ணுமில்ல. நான் கோவப்பட மாட்டேன். அவன் இல்ல, சரி. பிளஸ் ஒன்ல நீ யாருக்குட்டி பூ வச்ச?”

“எனக்குத்தாம்மா.”

அம்மா என் கண்ணுக்குள் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள், வலது கண்ணைப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

“பாத்தீங்களா? இத்தனை வருசம் கழிச்சும் சொல்ல மாட்டேங்கா.”